நான் நடிக்கிறேனா, மேடம்?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

பத்தாம் வகுப்பு வரை எனக்கு ஒரே ஒரு தோழிதான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகவே படித்தோம். இந்த வருடம் நான் வேறு பிரிவுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு கேங்கில் சேர்ந்திருக்கிறேன். நல்லா பேசுவார்கள், சிரிப்பார்கள், அவர்களைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம்.

ஆனால் அவர்களோடு இருக்கும்போது நான் நானாக இல்லை. யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறேன். குரூப்பில் ஒரு மெசேஜை டைப் செய்து, அழித்து, வேறு யாராவது பதில் போட்ட பிறகுதான் அனுப்புகிறேன். அவர்களுக்குப் பிடித்த பாட்டு எனக்கும் பிடிக்கும் என்று சொல்கிறேன். வீட்டில் ஒரு மாதிரி, டீச்சர்களிடம் ஒரு மாதிரி, சொந்தக்காரர்களிடம் வேறு மாதிரி இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நான் இல்லாத ஊர்களுக்கு மேப் வரைவேன். தெரு, ஆறு, ரயில் பாதை எல்லாம் போட்டுப் பெயரும் வைப்பேன். கேங் ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது அந்த நோட்டை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

என் பழைய தோழிக்குக் கொஞ்சம் திக்கும். ஒரு நாள் கேங்கில் அவள் பேசுகிற மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசிக் காட்டினேன். அவளோடு இத்தனை வருடம் பழகியதால் நான்தான் அச்சு அசலாகச் செய்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் இந்த கேங்கில் ஒருத்தி என்று தோன்றியது. அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுகிறாள்.

அம்மா ‘நீ முன்ன மாதிரி இல்ல’ என்கிறார். எது நிஜமான நான்? நான் நடிக்கிறேனா, மேடம்? இந்த கேங்கை விட்டு வந்துவிட வேண்டுமா?

பதில்:

உன்னை ‘நீ’ என்றே கூப்பிடுகிறேன், சரியா?

கடைசியில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது என் கண் நின்ற இடம், நீ கேள்வியாகக் கேட்காத அந்தத் தோழி விஷயம். அதை நடுவில் வைத்துவிட்டு, மளமளவென்று கடந்து, ‘எது நிஜமான நான்’ என்ற பெரிய கேள்விக்குப் போய்விட்டாய். என்னிடம் பேச வருகிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் செய்வார்கள். மனதை அரிப்பதைச் சொல்லிவிடுவார்கள், ஆனால் கேட்பது வேறொன்றாக இருக்கும். நானும் உன் வழியிலேயே வருகிறேன். முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம்.

சுலபமானது, ‘எது நிஜமான நான்’ என்பதுதான். சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு மாதிரி, டீச்சரிடம் ஒரு மாதிரி, சொந்தக்காரர்களிடம் ஒரு மாதிரி இருப்பதை நடிப்பு என்று நினைக்கிறாய். உன் டீச்சர் அவருடைய அம்மாவோடு போனில் சண்டை போடுவதை நீ கேட்டால், இவரா அவர் என்று திகைத்துப் போவாய். அவர் நடிக்கவில்லை, இடத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கிறார். ஒருவரை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அத்தனை சமூக முகங்கள் அவருக்கு உண்டு என்ற கருத்தை வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். உளவியல் ஒரு தனிப் படிப்பாகத் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்படியென்றால் இது ஏன் இப்போது மட்டும் உறுத்துகிறது? எட்டு வயதுக் குழந்தையிடம் ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ என்று கேட்டுப் பார். ‘நான் வேகமா ஓடுவேன், எனக்கு நாய் பிடிக்கும், நான் நல்ல பொண்ணு’ என்று அடுக்கும். ஒன்றுக்கொன்று முட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. வளரிளம் பருவத்தில் யோசிக்கும் திறன் ஒரு படி ஏறுகிறது. இரண்டு ‘நான்’களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. ‘வீட்டில் எரிந்து விழுகிறேன், தோழிகளிடம் குழைகிறேன், அப்படியானால் நான் யார்?’ என்று கேட்கத் தெரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்ல இன்னும் வருவதில்லை. சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிள்ளைகளிடம் ‘அப்பா அம்மாவோடு நீ எப்படி, நண்பர்களோடு எப்படி, வகுப்பில் எப்படி’ என்று தனித்தனியாகக் கேட்டு, அவற்றில் எவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அவர்களையே குறிக்கச் சொன்னார். மோதல் அதிகமாகத் தெரிந்தது ஏறக்குறைய 14, 15 வயதில். அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பெரியவர்கள் ஆனதும் எல்லோரும் ஒரே முகத்தோடு வாழத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதில்லை. ‘புது ஆட்களிடம் நான் வாய் திறக்க மாட்டேன், பழகிவிட்டால் நிறுத்த மாட்டேன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். உனக்கு 16. அந்த வாக்கியங்கள் வரத் தொடங்கும் வயது.

சரி, நீ விடமாட்டாய் என்று தெரியும். ‘நான் வேறு மாதிரி மட்டும் இல்லை மேடம், பொய்யும் சொல்கிறேன்’ என்பாய். உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘நடிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறாய். நான் அதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

மேப் நோட்டை ஒளித்தது பொய் இல்லை. உனக்கு அருமையான ஒன்றை, அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாத ஆட்களிடமிருந்து காத்துக்கொண்டாய். எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறவர்தான் நேர்மையானவர் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு எண்ணம் பரவியிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. (ரயில் பாதை வரை போடுவாய் என்று எழுதியதும் எனக்கு அந்த மேப்பைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆற்றுக்கு முதலில் பெயர் வைப்பாயா, ஊருக்கா?)

பிடிக்காத பாட்டைப் பிடிக்கும் என்று சொன்னது சின்னப் பொய். புது இடத்தில் ஒட்டிக்கொள்வதற்காக எல்லா வயதினரும் சொல்கிற பொய். ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மனிதர்களின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்று ராய் பாமைஸ்டர், மார்க் லியரி என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் விரிவாக எழுதினார்கள். அந்தத் தேவை உன் வயதில் பலமாக இருக்கும். ஒரே தோழியோடு இத்தனை வருடம் இருந்துவிட்டுப் புது வகுப்பில் தனியாக வந்து உட்கார்ந்தவள் நீ. அந்த முதல் வாரம் இடைவேளையில் எங்கே நிற்பது, யாரோடு நிற்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திரும்பத் திரும்பத் திறந்து குடித்திருப்பாய். அப்படி நின்றவளை ஒரு கூட்டம் ‘வா’ என்று கூப்பிட்டால் ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றும். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீ ஒன்றைக் கூர்மையாகக் கவனித்து எழுதியிருக்கிறாய். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறேன் என்று. இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஓர் அறையில் சிலரை உட்கார வைத்து ஒரு கோட்டைக் காட்டினார். பக்கத்து அட்டையில் மூன்று கோடுகள். அவற்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் ஒரே ஒருவர்தான் நிஜமாகச் சோதிக்கப்படுகிறவர், மற்றவர்கள் எல்லாம் ஆஷின் ஆட்கள். அவர்கள் சில சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே மாதிரி தப்பான பதில் சொல்வார்கள். கடைசியிலோ கடைசிக்கு முன்னோ நம்ம ஆளின் முறை வரும். கண்ணுக்கு எதிரே கோடு இருக்கிறது, காதில் எல்லோருடைய பதிலும் இருக்கிறது. நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். அது கொஞ்ச நேரத்தில் முடிந்துபோகிற ஒரு சோதனைதான். நீயோ தினமும் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டியவள்.

இந்தச் சோதனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள், ‘பார்த்தாயா, மனிதர்கள் ஆட்டுமந்தை’ என்று. எனக்குப் பிடித்தது அதன் அடுத்த பாகம். ஆஷ் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான பதில் சொல்ல வைத்தார். உடனே, கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொல்வது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த ஒருவர் வாதம் செய்யவில்லை, மற்றவர்களைத் திருத்தவில்லை. தன் முறை வந்தபோது தான் பார்த்ததைச் சொன்னார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப வருவேன்.

அப்புறம், முகம் பார்த்துச் சிரிக்கிறவள் நீ ஒருத்திதான் என்று எப்படி முடிவு கட்டினாய்? நீ அவர்கள் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், அவர்களில் இன்னொருத்தியும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீ சிரித்ததைப் பார்த்து அவள் சிரித்திருக்கலாம். கூட்டத்தில் பலருக்கும் உள்ளுக்குள் ஒரு விஷயம் பிடிக்காமல் இருக்கும். ஆனால் மற்ற எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். யாரும் வாய் திறக்காததால் அந்த நினைப்பு உறுதியாகிக்கொண்டே போகும். உன் கேங்கில் அப்படித்தான் நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, நான் அவர்களைப் பார்த்ததில்லை. அடுத்த முறை ஒரு மொக்கை ஜோக் வரும்போது, சொல்கிறவள் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவர்களைப் பார். யார் அரை நொடி தாமதமாகச் சிரிக்கிறாள், யார் சிரித்து முடித்ததும் போனை எடுக்கிறாள் என்று பார்த்துவிட்டு வா. உனக்குத் துணை யார் என்று அங்கேயே தெரியும்.

மெசேஜை டைப் செய்து அழிப்பதற்கும் ஒரு வார்த்தை. எப்போதும் யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வு உன் வயதில் பலமாக இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் அதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர் கூட்டம்’ என்று பெயர் வைத்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உள்ளே விசாரித்தால் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள். நீ பத்து நிமிடம் யோசித்து அனுப்பும் மெசேஜை அவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்திருப்பார்கள்.

‘நான் யார்’ என்று தேடுவதைப் பற்றி எழுதிய பெரிய பெயர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தந்தை யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. மாற்றாந் தந்தை வீட்டில் யூதப் பிள்ளையாக வளர்ந்தார். உயரமும் பொன்னிற முடியுமாக இருந்ததால் யூதப் பிள்ளைகள் அவரை வேற்றாள் என்று கேலி செய்தார்கள். வெளிப் பள்ளியிலோ யூதன் என்று கேலி செய்தார்கள். ஆக, எங்கேயும் ஒட்டாத பிள்ளை. பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தன் குடும்பப் பெயரைக்கூடத் தானே ‘எரிக்சன்’ என்று வைத்துக்கொண்டார். உன் வயதின் முக்கிய வேலையே அடையாளத்தைத் தேடுவதுதான் என்று எழுதியவர் அவர். அவர் வழியில் வந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல், முடிவெடுக்காமல் தேடிக்கொண்டே இருக்கும் நிலையை ஒரு தனி வகையாகவே குறித்தார். தேடாமலே அடுத்தவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு ‘நான் இதுதான்’ என்று சீக்கிரமே முடித்துக்கொள்கிறவர்களையும் அவர் குறிப்பிட்டார். உன் வகுப்பில் எல்லாவற்றிலும் தெளிவாக இருப்பதாகத் தெரிகிற பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்படாதே. அதில் சிலர் இன்னும் தேடவே ஆரம்பிக்காதவர்களாக இருக்கலாம்.

இனி நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன்.

உன் தோழியைப் போலப் பேசிக் காட்டினாய். அதைப் பற்றி நீ எழுதிய வரிகளில் ஒன்று என்னை நிறுத்தியது. ‘நான்தான் அச்சு அசலாகச் செய்தேன்.’ எப்படி அச்சு அசலாகச் செய்ய முடிந்தது? எந்த எழுத்தில் அவளுக்குச் சிக்கும், சிக்கும்போது கண்ணை எப்படி மூடுவாள், வருகைப் பதிவு எடுக்கும்போது தன் பெயர் வருவதற்கு முன்னால் உதட்டுக்குள் எப்படிச் சொல்லிப் பார்ப்பாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. உன்னை நம்பியதால்தான் அவள் அதை மறைக்காமல் இருந்தாள். அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் கேங்கில் நுழைவுச் சீட்டாகக் கொடுத்தாய்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். நீ கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் இதையும் பாட்டையும் ஒரே தட்டில் வைத்து ‘நடிப்பு’ என்று சொன்னால், உனக்கு உண்மையில் வலிப்பது எது என்று உனக்கே தெரியாமல் போய்விடும். ‘எது நிஜமான நான்’ என்று ராத்திரி முழுக்க யோசிக்கலாம், அதற்கு முடிவே கிடையாது. ‘அவளிடம் நான் செய்தது தப்பு’ என்பதற்கு நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. முதலாவதை நீ பிடித்துக்கொண்டிருப்பது, இரண்டாவதைத் தள்ளிப்போட வசதியாக இருப்பதால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் சொல்லு.

அவளிடம் போய்ப் பேசு. எப்படிப் பேசுவது என்பதில் சில விஷயம் இருக்கிறது.

நேரில் பேசு. மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். போனில் கூப்பிடாதே. திக்குகிறவர்கள் பலருக்கு நேரில் பேசுவதைவிடப் போனில் பேசுவது கஷ்டம். மற்றவர்கள் இல்லாத இடமாகப் பார். அவள் ஓடிப் போக வழியில்லாத மூலையில் போய் நிறுத்தாதே. ‘ரெண்டு நிமிஷம் பேசணும், இப்ப வேண்டாம்னா வேற எப்பவாவது’ என்று கேள். வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடு.

சொல்ல வேண்டியது சின்னது. ‘அன்னைக்கு நீ பேசுற மாதிரி நானும் பேசிக் காட்டினேன். அது தப்பு. ஸாரி.’ இதற்கு மேல் ‘எல்லாரும் பண்ணாங்க’, ‘சும்மா ஜாலிக்குத்தான்’, ‘புது கேங்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா’ எதையும் சேர்க்காதே. கடைசியில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அதை அவளிடம் சொல்லும் இடம் இது இல்லை. அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளப் பார். நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற வேண்டி வரும். காயம்பட்டவளுக்கு அந்த வேலையும் எதற்கு?

அப்புறம் அவள் பேசுவாள், அல்லது பேச முயல்வாள். கோபத்திலும் பதற்றத்திலும் வார்த்தை இன்னும் சிக்கலாம். நீ எடுத்துக் கொடுக்காதே. அவள் வாக்கியத்தை நீ முடிக்காதே. கண்ணைத் திருப்பாமல் நில். அவள் சொல்லி முடிக்கும் வரை எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். முன்பு நீங்கள் நெருக்கமாக இருந்தபோது அப்படித்தான் இருந்திருப்பாய் என்று நினைக்கிறேன், அதனால் உனக்கு இது புதிதாக இருக்காது.

அவள் மன்னிக்காமல் போகலாம். ‘சரி’ என்று ஒரு வார்த்தையோடு போய்விடலாம். பழைய மாதிரி ஆகிவிடுவோம் என்று எதிர்பார்த்துப் போகாதே. நீ போவது அவளிடம் எதையும் வாங்குவதற்காக இல்லை.

இன்னொரு பாதி வேலை கேங்கில் இருக்கிறது. அவளைப் போலப் பேசிக் காட்டுவது திரும்ப நடக்கும். அப்போது என்ன செய்வாய்? எழுந்து நின்று பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. உன்னால் இப்போது முடியாது, முடிந்தாலும் பயன் குறைவு. ஆஷின் அறையில் சரியான பதில் சொன்னவரை நினைத்துக்கொள். சிரிக்காமல் இரு, அதுவே அங்கே தெரியும். முடிந்தால் ‘ஏய், அது வேண்டாம், விடு’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ. ‘என்ன, திடீர்னு நல்லவளாயிட்ட?’ என்று உன்னைக் கலாய்ப்பார்கள். கலாய்க்கட்டும். ‘ஆமா, அவ என் ஃபிரண்ட்’ என்றால் போதும். சொல்லும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை.

அதற்கு முன்னால் சின்ன விஷயங்களில் பழகிக்கொள். அடுத்த முறை எல்லோரும் ஒரு பாட்டைக் கொண்டாடும்போது ‘எனக்கு இது அவ்வளவா பிடிக்கல’ என்று சொல்லிப் பார். விளக்கம் வேண்டாம். பெரும்பாலும் ‘உனக்கு டேஸ்ட்டே இல்ல’ என்று ஒரு கேலியோடு முடிந்துபோகும். குரூப்பில் ஒரு மெசேஜை அழிக்காமல் முதல் ஆளாக அனுப்பிப் பார். வானம் இடிந்து விழவில்லை என்று உன் உடம்புக்குத் தெரிய வேண்டும், புத்திக்குத் தெரிந்தால் போதாது. ஒருவேளை ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கே இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தார்கள் என்றால், அதுவும் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

அதனால் கேங்கை விட்டு வரலாமா என்ற கேள்விக்கு இப்போதே ஆமாம், இல்லை என்று சொல்ல மாட்டேன், நீயும் முடிவெடுக்காதே. இதுவரை அவர்கள் பார்த்தது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பெண்ணை. உன்னை அவர்கள் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் காட்டிய பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார். ஆனால் ஒன்று. அங்கே உன் இடம் நிலைக்க யாரையாவது மட்டம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆனால், அன்றைக்கு யோசிக்க வேண்டியதில்லை. வந்துவிடு. தனியாக இருப்பது கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், அதைப் பொய்யாகக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வகுப்பில் சத்தமாக இருக்கிறவர்களைத் தவிர இன்னும் பலர் இருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு, எல்லோருக்கும் பிடித்திருப்பது வேறு. பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் இந்த இரண்டு பட்டியலும் முழுதாக ஒத்துப்போவதில்லை.

அம்மா ‘முன்ன மாதிரி இல்ல’ என்றது குற்றச்சாட்டாக உனக்குக் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் அது ‘எனக்கு உன்னைப் பத்தி இப்ப ஒண்ணும் தெரியல’ என்பதன் வேறு வடிவம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். ‘புது வகுப்புல ஒட்டிக்க கஷ்டமா இருக்கும்மா’ என்று ஒரு வரி சொல்லிப் பார். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தியிடமோ அக்காவிடமோ, யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லு.

இன்னும் ஒன்று, நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். தூக்கம் வருகிறதா? பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு கலக்குகிறதா? உன்னையே வெறுப்பது, காணாமல் போய்விட்டால் தேவலை என்று தோன்றுவது, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ள நினைப்பது இப்படி ஏதாவது இருந்தால் இந்தப் பதிலெல்லாம் போதாது. அதே நாளில் வீட்டிலோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லிவிட வேண்டும். தனியாக வைத்துக்கொண்டு சமாளிக்கிற விஷயம் இல்லை அது.

மேப் நோட்டை இப்போதைக்கு யாருக்கும் காட்ட வேண்டாம், அலமாரிக்குப் பின்னாலிருந்து மட்டும் எடுத்துவிடு. தூசியில் தாள் பழுத்துவிடும்.

தோழியிடம் இந்த வாரமே பேசிவிடு. தள்ளிப்போடப் போட, அவள் வேறு பக்கம் போவதற்கு நீ பழகிவிடுவாய். பேசிய பிறகு என்ன ஆனது என்று விருப்பம் இருந்தால் எழுது. அவள் ஒன்றுமே சொல்லாமல் போயிருந்தாலும் எழுது, அதற்கு அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.